ரோமுக்கு ஒரு இடம்

பட்டியலில் ஐம்பத்திரண்டு பேர். பஸ்ஸிலும் ஐம்பத்திரண்டு இருக்கை. ஐம்பத்து மூன்றாவது ஆளாக ஒடெல்லோ வந்து நின்றார்.

கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். ஜூன் மாதப் புழுக்கத்தில் கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார்.

மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை. எங்கள் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் வல்சேக்கி மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்துவிட்டார் என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து எங்கள் கிளையில் ஒருவருமே தூங்கவில்லை. கொடிக்கெல்லாம் கறுப்பு நாடா தைத்தோம். ஐம்பத்திரண்டு பேருக்கும் ரொட்டி கட்டினோம். இறுதி ஊர்வலத்துக்குப் போகாமல் மாடு கறக்க யார் தங்குவது என்று சண்டை போட்டோம். கிளைச் செயலாளர் என்ற பெயருக்கு எல்லாம் என் தலையில்தான் விடிந்தது.

கட்சிக்காரர்கள் கூடும் மக்கள் மன்றத்தின் வாசலில் பட்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலிரண்டும் மரத்துப் போயிருந்தன.

"தோழர் செயலாளர், ரோமுக்கு ஒரு இடம் கிடைக்குமா? நின்னுக்கிட்டே வரேன்" என்றார் ஒடெல்லோ.

"ஆறு மணி நேரம் நின்னீங்கன்னா ரோமுல ரெண்டு சாவு எடுக்கணும், பெரியவரே" என்றான் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை.

அவருக்குக் கட்சி உறுப்பினர் அட்டை கிடையாது. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பு, ஹங்கேரிக்குள் ரஷ்ய டாங்கிகள் புகுந்தபோது, இதே மன்றத்தில் எழுந்து நின்று, "சுடுறது தொழிலாளியை" என்றார். கை தூக்கி வாக்கெடுத்து நீக்கினோம். நீக்கப்பட்டவரோடு மன்றத்துக்குள் யாரும் பேசுவதில்லை. அது எங்கள் வழக்கம்.

எதிர்ச் சாரியில் பாதிரியாரின் காபிக் கடை, எங்கள் கட்சிக்கு ஆகாதவர்கள் கூடும் இடம். காபியும் அங்கேதான் நன்றாக இருக்கும். மனுஷன் ஒருநாள்கூட அந்தப் படியை மிதிக்கவில்லை. தினமும் சாயங்காலம் எங்கள் மன்றத்துக்கே வருவார். ஜன்னலோர மேசையில் தனியாக உட்கார்ந்து ஒரு குவளை ஒயின் குடிப்பார். எழுந்து போவார். வீம்புக்கும் ஒரு அளவு வேண்டாமா? அவருக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை.

பிறகு வல்சேக்கி தலைவரானார். ஒடெல்லோ சொன்னதையே மாஸ்கோவுக்குப் போய், அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். நாங்கள் எழுந்து நின்று கை தட்டினோம்.

ஜன்னலோர மேசையைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. வெட்கமாக இருந்தது. திரும்பி வாருங்கள் என்று நாங்களும் கூப்பிடவில்லை. சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவரும் கேட்கவில்லை.

இன்றைக்குத்தான் கேட்கிறார்.

"கட்சி பஸ்ஸுல கட்சிக்காரன்தான் ஏறணும்" என்றார் பிரிமோ. எண்பது வயது. கொடியும் கையுமாகப் பஸ் படியை அடைத்துக்கொண்டு நின்றார்.

"சவத்துக்குப் பின்னாடி நடக்கக்கூட அட்டை வேணுமாய்யா?"

கேட்கும்போதே ஒடெல்லோவின் குரல் உடைந்துவிட்டது.

பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன்.

"செயலாளர் இல்லாம கிளை போறதா, நீவெஸ்? ஊர் சிரிக்கும்!" என்று கத்தினார் பிரிமோ.

"ஏறுங்க" என்றேன் ஒடெல்லோவிடம்.

அவர் என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரைவர் ஹாரனை அடித்தான். பிரிமோ முணுமுணுத்துக்கொண்டே, கொடியைச் சாய்த்து வழிவிட்டார்.

பஸ் திரும்பி மறைந்ததும் மன்றத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை நீக்கிய அந்த வாக்கெடுப்பு பத்தொன்பதுக்குப் பதினெட்டு. பத்தொன்பதாவது கை என்னுடையது.

அன்றைக்குக் கூட்டம் முடிந்தும் எனக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. பனியில் ஊரை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கதவைத் தள்ளினேன்.

மேசையில் இரண்டு தட்டு வைத்து, தான் சாப்பிடாமல், என் கணவர் ஒடெல்லோ உட்கார்ந்திருந்தார்.

"சூப்பு ஆறிப்போச்சு. சூடு பண்ணவா?" என்றார்.