கோடுகள் ஓடும் திசை

பொலிவிய மேட்டுநிலத்தின் வெயில் உடம்பைச் சுடாமல் கண்ணை மட்டும் கூசவைக்கிறது. முதல் வேலைக்கு வந்து நான்கே மாதமான நிலவியலாளர் நெலிதா, துளைப்பொறி மேலே கொண்டுவந்த கல்லுருளைகளை அடுக்கிய மரப்பெட்டியின் முன் மண்டியிட்டிருக்கிறாள். கடைசி உருளையை எடுத்து நாக்கால் ஈரப்படுத்துகிறாள். "நக்கி நக்கி நாக்கே தேஞ்சிடப் போகுது, இன்ஜினியரம்மா" என்கிறார் பொறியை ஓட்டும் தோன் பாவ்லினோ, கோக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு. பின்னால் இருவர் சிரிக்கிறார்கள். ஈரத்தில் கல்லின் அடுக்குக் கோடுகள் தெளிகின்றன. உருளையைக் குறுக்கே வெட்டவேண்டிய கோடுகள் அதன் நீளத்துக்கு ஓடுகின்றன. நேற்றைய பெட்டியிலும் அப்படித்தான் இருந்தன. அவள் நம்ப மறுத்தாள். வெள்ளிப் படிவம் சாயும் பக்கத்தை வரைபடத்தில் தவறாக மாற்றிக் குறித்தது அவள்தான். முந்நூறு மீட்டராகத் துளை படிவத்தின் கூடவே, அதைத் தொடாமல் இறங்கிக்கொண்டிருக்கிறது. கம்பெனி அனுமதித்தது இந்த ஒரு துளைதான். வெள்ளி கிடைத்தால்தான் இவர்கள் எல்லோருக்கும் அடுத்த மாதம் வேலை. "இன்னும் இறக்கட்டுமா?" என்கிறார் பாவ்லினோ. வாயில் கல்லின் மண்சுவை. "நிறுத்துங்க, தோன் பாவ்லினோ." எஞ்சின் அடங்குகிறது. வெள்ளி தென்பட்டதும் நிறுத்துவோம் என்று முதல் நாள் அவள்தான் சொல்லியிருந்தாள். பாவ்லினோ தலைக்கவசத்தைக் கழற்றுகிறார், மற்றவர்களும் கழற்றுகிறார்கள். சட்டைக்குள்ளிருந்து சாராயக் குப்பியை எடுத்து, மண்தாய்க்கு முதல் மடக்கைத் தரையில் மெல்ல ஊற்றுகிறார். ஈரம் பரவி மறைகிறது. "அடுத்தது வெள்ளியக் கண்டுபிடிச்ச உனக்கு, மகளே" என்று குப்பியை நீட்டுகிறார். கல்லைக் கீழே வைக்காமலே அவள் மறு கையை நீட்டுகிறாள்.