குளிரில் வளர்ந்த வேர்

“மூணாவது தடவையும் ரிசல்ட் அப்படியேதான் வந்திருக்குப்பா” என்று பையைக் கட்டிலில் வீசினாள் செந்தாமரை.

தஞ்சாவூரில் ஆராய்ச்சி மாணவி அவள். நெல் வேரின் செல்கள் பகுபடும்போது, குளிரில் டி.என்.ஏ. அளவு குறைகிறதா என்று பார்க்கிறாள். கல்லூரி ஃப்ரிட்ஜ் பழுதானதால், முளைவிட்ட நெல்லில் பாதியை வீட்டு ஃப்ரிட்ஜிலும் மீதியை வெளியிலும் வைத்திருந்தாள்.

“ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல. வேர் நீளம்கூட ஒண்ணாத்தான் இருக்கு. உனக்கு ஒழுங்கா அளக்கவே தெரியலன்னு கைடு சார் திட்டுறாரு. இத வெச்சு ஜெர்மனிக்கு மேல ஆராய்ச்சி பண்ண எப்படி அப்ளை பண்றது?”

வேட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டபடி அப்பா வைரக்கண்ணு கேட்டார்.

“ஃப்ரிட்ஜுல இருந்ததுல ஒண்ணுகூட வீணாப் போகலையே?”

“இல்லப்பா, ஒண்ணுகூடப் போகல.”

அவர் முகம் மலர்ந்தது.

“எப்படிப் போகும்? வெத நெல்லு குளுந்துபோனா உசுர விட்டுடும்மா. தெனம் நீ காலேஜுக்குக் கெளம்புனதும் அத வெளிய எடுத்து, ஈரச் சாக்குல சுத்தி, வைக்கோலுக்குள்ள பொதிஞ்சு வெச்சிடுவேன். நீ வர்றதுக்குள்ள திரும்ப உள்ள வெச்சிடுவேன். ராத்திரி நீ தூங்குனதும் மறுபடி எடுத்துடுவேன். நீ ஜெர்மனி போவணும்ல.”