ஈ பார்த்த எண்ணெய்

எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தால், சவரிமுத்து வீட்டு ஈக்கள் சீமை டாக்டருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிடும். பாப்பாரப்பட்டிப் பக்கம் இதை நம்பாதவள் அவர் மனைவி மிக்கேலம்மாள் ஒருத்திதான்.

நாற்பத்தேழில் மலேரியா ஒழிப்புக்காரர்கள் மாதா கோயிலுக்குள் டி.டி.டி. அடித்துவிட்டுப் போன மறுநாள், அந்த வீட்டில் சாகக்கிடந்த உயிருக்கு அவஸ்தை பூசிக் கடைசிச் சடங்கு முடிக்க, கோயிலில் இருந்த ஒலிவ எண்ணெயோடு பங்குச் சாமியார் ஓடிவந்தார்.

"இருங்க சாமி! ஒதட்டுல பூசற எண்ணெய். மருந்து பட்டிருந்தா? வெல்லத்துல ரெண்டு சொட்டு வுடுங்க. தின்ன ஈ மல்லாந்தா விசம்" என்றார் சவரிமுத்து.

"உசுரு ஊசலாடற நேரத்துல ஈயையா சாட்சிக்குக் கூப்புடுவீங்க?" என்று சீறினாள் மிக்கேலம்மாள்.

ஈக்கள் வந்தன. வெல்லத்தை மொய்த்தன, தின்றன, கும்மாளமாகப் பறந்தன.

"எண்ணெய் சுத்தம்! இப்பவாவது கட்டில்ல படு சவரி. சாவப்போறவன் நீதானே!" என்றார் சாமியார்.

"பசிக்குதுங்க சாமி. களி தின்னுட்டுப் படுக்கறேன்."

அதற்கப்புறம் அவர் தின்ற களியைக் குவித்தால் வத்தல்மலை குள்ளமாகிவிடும். வெளியூரார் யாராவது கட்டுக்கதை என்று சிரித்தால் மிக்கேலம்மாளே சொல்வாள்:

"நானும் நம்பலீங்க. ஆனா நடந்துச்சு. அவரு எழவுக்குன்னு வந்த சனத்துக்கு அவரேதான் பாய் எடுத்துப் போட்டாரு."