ஈர்க்கில் உயரம்

மார்த்தாண்டம் ஷோரூமில் காலை வெயில் கண்ணாடியைத் தாண்டி இரண்டு சின்ன எஸ்யூவிகள் மேல் விழுகிறது. விற்பனையாளர் சன்ரூஃபைத் திறந்து காட்ட, ராஜகுமார் குனிந்து, துடைப்பத்தில் உருவிய ஈர்க்கிலால் இருக்கையின் உயரத்தை அளக்கிறார். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு மனைவி அஜிதா கைத்துணையின்றி எழுகிற ஒரே நாற்காலியின் உயரத்துக்கு அதை நறுக்கியிருக்கிறார். இருக்கை தாழ்ந்தால் இடுப்பு அதிகம் மடங்கும்; உயர்ந்தால் ஏறக் கால் எட்டாது. சிவப்பு வண்டி நாலு விரல் கூடுதல். வெள்ளையில் ஈர்க்கில் நுனி சரியாகத் தொடுகிறது. “மிச்ச தொறப்பையையும் கொண்டுவந்திருந்தா தூத்தும் குடுத்திருக்கலாம்” என்று சிரித்தபடி அஜிதா அதில் உட்காருகிறாள். கால்களை வெளியே திருப்புகிறாள். தாங்க நீண்ட கணவரின் கையைப் பிடிக்காமல் தானாகவே எழுந்து நிற்கிறாள். “கைய மடக்குங்க, ஆளுவ பாக்காவ.” நீட்டிய கையை மடக்க மறந்து, மைலேஜ் சொல்லத் தொடங்கும் விற்பனையாளரிடம் ராஜகுமார் சொல்கிறார்: “இதுவே மதி மக்கா, வேற பாக்காண்டாம்.”