நாற்பது சொல்லுக்கு மேல்

“எங்கம்மா பேசினதுல கை வைக்காதீங்க, சார்.” வழிகாட்டிப் பேராசிரியரிடம் இப்படிப் பேசவே கூடாதென்று சீனியர் அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். என் ஆய்வேட்டின் மேல் அவருடைய சிவப்புப் பேனா அப்படியே நிற்கிறது. மின்விசிறிக் காற்றில் தாளின் முனை படபடக்கிறது. நாற்பது சொல்லைத் தாண்டிய மேற்கோள் தனிப் பத்தியாக, ஓரம் தள்ளி, மேற்கோள்குறி இல்லாமல் நிற்க வேண்டும். அவர் சொல்லித்தந்த விதிதான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அம்மா என் ஆய்வுப் பேட்டியில் பேசியது அறுபத்திரண்டு சொல். மேஸ்திரி அடித்ததைச் சொல்லும் இடத்தை வெட்டி, மூன்று புள்ளி வைத்து, மிச்சத்தை என் வாக்கியத்துக்குள் செருகியிருக்கிறார். “புலம்பலுக்கு எதுக்கும்மா தனிப் பத்தி?” “முந்தின பக்கத்துல அந்த வெளிநாட்டுக்காரர் மேற்கோளுக்கு மட்டும் நூறு சொல் விட்டிருக்கீங்களே?” “அவர் அறிஞர்மா.” “அவரு அடி வாங்கலியே, சார்.” பேனா மூடி டக்கென்று விழுகிறது. “அப்ப என் கையெழுத்து கிடைக்காது.” தாள்களைத் தட்டி அடுக்கி எடுத்துக்கொள்கிறேன். வழிகாட்டியை மாற்றக் கேட்கும் விண்ணப்பம், காலையிலேயே நிரப்பியது, பையில் இருக்கிறது. “மூணு வருஷம் வீணாப் போயிடும், பாத்துக்க!” குரல் முதுகில் மோதுகிறது. துறைத்தலைவர் அறை மாடியில். நான் படியேறுகிறேன்.