மாற்றுக் கருத்து

"மறுபடி வாசிக்கிறேன், கவனமா கேளு," என்றார், உதடு அசையாமல்.

காரின் பின்னிருக்கையில் அவருக்கு இடப்பக்கம் யாரும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அங்கே இன்மொழி உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் டிரைவர் முனிரத்தினம். அரசாங்க வண்டி. சொந்த வேலை.

மடியில் மூன்று தாள்கள்.

பொருள்: பேத்தியின் பெயர் சூட்டு விழா – கலந்துகொள்ளுதல் – தொடர்பாக.

பார்வை: மகன் இளம்பரிதியின் வாட்ஸ்அப் செய்தி.

முப்பத்து நான்கு வருடம் இப்படித்தான் எழுதினார். இணை இயக்குநர் நாற்காலிவரை இந்த நடைதான் அவரைத் தூக்கி வந்தது. பாசத்துக்கென்று வேறு படிவம் இருப்பதாக யாரும் அவருக்குத் தெரிவிக்கவில்லை.

மகன் அவரைக் கேட்காமல் முடிவு செய்த கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அதன்பிறகு நான்கு வருடம் பேச்சில்லை. பேத்தி பிறந்த அன்று மனைவியும் மகன் வீட்டுக்குப் போனார். திரும்பவில்லை.

இப்போது மகனே கூப்பிட்டிருக்கிறான்.

'ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குப் பேர் வைக்கிறோம். வாங்கப்பா.'

அதற்குப் பதில்தான் மூன்று தாள். விழாவில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று வாசிப்பதாகத் திட்டம். இரண்டாம் தாளில், 'உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு மன்னிக்கப்படுகிறது' என்று ஒரு வரி வருகிறது.

அது சரியா என்று கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் கேட்டார். கண்காணிப்பாளர் முதல் தாளைப் புரட்டுவதற்குள் "பிரமாதம் சார்" என்றார். தட்டச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருடைய இடமாறுதல் மனு இவர் மேஜையில் இருந்தது.

இந்தப் பிரமாதங்கள் சலித்துத்தான் ஐந்து மாதம் முன்பே இன்மொழியைத் தொடங்கியிருந்தார்.

துல்பா என்கிறார்கள். மனதுக்குள் ஓர் ஆளை உட்கார வைத்து, நாள்தோறும் பேசிப் பேசி, அந்த ஆள் தானாக வாய் திறக்கும்வரை வளர்ப்பது. அதற்கென்று செல்போனில் ஒரு குழு. எல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். குரல் உங்களுடையதாக இருக்கக்கூடாது. நீங்கள் நினைக்காததை அது சொல்ல வேண்டும்.

அவர் முறைப்படி கோப்பு திறந்தார். பெயர்: இன்மொழி. வயது: நாற்பது. குரல்: தெளிவானது, சற்றே கரகரப்பு, அச்சமற்றது.

தினமும் காலையில் தலையங்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார். பிறகு, கருத்து சொல் என்றார்.

நீங்க சொன்னா சரிதான் சார், என்றாள்.

ஐந்து மாதம். அதே பதில். அதுவும் அவர் குரலிலேயே, கொஞ்சம் மெல்லிசாக.

ஒருநாள் பொறுக்காமல் உத்தரவே போட்டார். எதிர்த்துப் பேசு.

எதிர்க்கிறேன் சார், என்றாள் பணிவாக.

வண்டி மகன் வீட்டுக்கு எதிரே நின்றது.

அவர் மூன்றாம் தாளின் கடைசி வரிக்கு வந்திருந்தார். 'மேற்கண்டவாறு ஆசி வழங்கப்படுகிறது.'

போதுமா? சொல்லு.



இடப்பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"இத வண்டியிலயே வெச்சிட்டுப் போங்க. கொழந்தையக் கையில வாங்குங்க. அது போதும்."

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர் குரல் இல்லை. மனைவி குரல் இல்லை. இந்த அறுபது வருடத்தில் காதில் விழுந்த எந்தக் குரலும் இல்லை. கோப்பில் எழுதியதைவிடக் கரகரப்பு அதிகம். முக்கியமாக, அதில் 'சார்' இல்லை.

ஐந்து மாதம் காத்திருந்தது இதற்குத்தான்.

வாய் முந்திக்கொண்டது.

"யாரக் கேட்டு சொன்ன?"

சத்தமாகவே வந்துவிட்டது. முனிரத்தினம் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார்.

"நான் ஒண்ணும் சொல்லலயே சார்."

"உன்ன இல்லய்யா."

முனிரத்தினம் பின்னிருக்கையை ஒருமுறை பார்த்தார். மரியாதையாக முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்மொழி, என்றார் உள்ளே.

இன்மொழி. பழக்கதோஷம்மா. வேணும்னு கேக்கல.

இன்னொரு தடவை சொன்னால் போதும். அப்படியே செய்துவிடலாம். முதல் தடவையிலேயே எதையும் செய்து அவருக்குப் பழக்கமில்லை. நினைவூட்டுக் கடிதம் வந்தால்தான் கோப்பு நகரும்.

இடப்பக்கம் வெறும் இருக்கை இருந்தது. அதன் உறையில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

மகன் வாசலுக்கு வந்தான். இளைத்திருந்தான். வண்டியைப் பார்த்தான். கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்தான். ஓரடி வெளியே வைத்து நின்றான்.

உள்ளே குழந்தை வீறிட்டது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். வண்டியைப் பார்த்தபடியே பின்னால் நடந்து உள்ளே போனான்.

கேட்டைச் சாத்தவில்லை.

தாள்களை இருக்கையில் வைக்கப் பார்த்தார். கை வரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் செருகப் பார்த்தார். அதற்கும் வரவில்லை.

"முனிரத்தினம்."

"சார்."

"நீ சொல்லு. இத எடுத்துட்டுப் போகட்டுமா, வேணாமா?"

பதினோரு வருடத்தில் முனிரத்தினத்திடம் அவர் வழி கேட்டதுகூட இல்லை. முனிரத்தினம் கண்ணாடியில் அந்தத் தாள்களைப் பார்த்தார். திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"வெயில் ஏறுது சார். வண்டிய நெழல்ல போடட்டுமா?"