காகிதம் பார்த்துப் பாடவும்

"இன்னொரு தடவை வார்த்தை மாறிச்சுன்னா சங்கத்துல உங்களுக்கு இடம் இல்ல, மிஸ்டர் சைட்லர். இப்பவே சொல்லிட்டேன்."

1996 செப்டம்பர். மேற்கு ஜெர்மனியாக இருந்த பகுதியில், ஸெல்லெ நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரின் பாடகர் சங்கம். அக்டோபர் மூன்றாம் தேதி, கிழக்கும் மேற்கும் ஒன்றான நாள் விழாவில், நகராட்சி வாசலில் அவர்கள் தேசிய கீதம் பாட வேண்டும்.

ஆர்னோ சைட்லர் தலையாட்டினார். கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் மனைவி இறந்து, வேலை பார்த்த ஆலையும் மூடிய பிறகு, மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். இந்த ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இருந்தது இந்தச் சங்கத்தில் மட்டும்தான்.

அவரை எச்சரித்த சங்கத் தலைவி கிஸேலா பேன்கே, ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார். தேசிய கீதமாகப் பாடப்படும் மூன்றாவது சரணம் மட்டும், பெரிய எழுத்தில்.

"எட்டு வரிக்குக் காகிதமா? எங்க வீட்டு நாய்க்கே மனப்பாடம்" என்றார் சக பாடகர் டெட்லெஃப்.

"நீங்க பேசவே கூடாது. போன வருஷம் முதல் சரணத்தைப் பாடித் தொலைச்சது யாரு? ஹிட்லர் ஆளுங்க கத்தின சரணம். பேப்பர்ல வந்து மானம் போச்சு."

"மூணு பீர் உள்ள போயிருந்துச்சும்மா. சரி, நான் செஞ்சது தப்பு. ஆர்னோ என்ன பண்ணான்? எங்க காதுல ஒண்ணும் விழலையே!"

"என் காதுல விழுந்துச்சு."

ஆர்னோ காதைச் சொறிந்தார். "எனக்கு வேற வியாதிப்பா. சின்ன வயசுல, வாத்தியார் வெளிய போனா போதும், எங்க கிழக்கு கீதத்தை உங்க மேற்கு மெட்டுல போட்டுப் பாடுவோம். அப்படியே அச்சா உட்காரும். பிடிச்சா தோலை உரிச்சிடுவாங்க. இப்ப இந்த மெட்டைக் கேட்டாலே நாக்கு பழைய வார்த்தைக்குத் தாவுது."

"பெரியவங்க ஆனப்புறமும் அதைப் பாடினீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்கே? அந்தப் பாட்டுல ஒரே நாடுன்னு ஒரு வரி வரும். அது பிடிக்காம எங்க அரசாங்கமே வார்த்தையைத் தூக்கிட்டு மெட்டை மட்டும் வாசிச்சுச்சு. இருபது வருஷமா வாயை மூடிக்கிட்டு நின்னோம்."

"எதுக்கும் லாயக்கில்லாத கிழக்கத்தியானுங்க!" என்று டெட்லெஃப் அவர் முதுகில் ஒன்று வைத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

கிஸேலா மட்டும் சிரிக்கவில்லை. "எங்க ஹனோவர்ல இந்த மாதிரி சேட்டையெல்லாம் கிடையாது. விழா அன்னிக்கு என் பக்கத்துல நில்லுங்க. காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. நானே இத்தனை வருஷமாப் பாத்துத்தான் பாடுறேன்."

விழாவன்று காலையிலிருந்தே தூறல். மேயர் பேச்சை முடிக்கும்போது மழை வலுத்து, காகிதங்கள் கூழாகிவிட்டன. கிஸேலாவின் கையிலிருந்ததில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை. அவர் முகம் வெளுத்தது.

"பயப்படாதீங்க. இன்னிக்கு விடமாட்டேன்" என்று ஆர்னோ கிசுகிசுத்தார்.

எக்காளங்கள் முழங்கின. ஆர்னோ முதல் வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதையும் கடந்தார். மூன்றாவதில் டெட்லெஃப் தும்மினார். அவ்வளவுதான், கிழக்கு கீதத்தின் பழைய வார்த்தைகள் கடகடவென்று வந்து மெட்டில் உட்கார்ந்தன. நிறுத்த முடியவில்லை. சங்கம் போச்சு, இனி ஒத்திகை நாளான ஞாயிற்றுக்கிழமையும் மகள் வீட்டு ஜன்னலோரம்தான் என்று நினைத்தபடி பக்கத்தில் திரும்பினார்.

கிஸேலா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல், அதே பழைய வார்த்தைகளைப் பாடிக்கொண்டிருந்தார்.

கைதட்டல் அடங்கியதும், திரும்பாமலே சொன்னார்: "ட்ரெஸ்டன், ஏழாம் வகுப்பு. ரெண்டு தடவை மாட்டினேன். அந்த வருஷமே அப்பா எங்களைக் கூட்டிக்கிட்டு கிழக்கை விட்டு இந்தப் பக்கம் ஓடி வந்துட்டாரு."

அடுத்த ஒத்திகையிலிருந்து இரண்டு பேருக்கு மட்டும் காகிதம் கட்டாயமானது.